சாயங்கால டானிக்

கேக்குக்குப் போடும் உலர்திராட்சையைப் பிராந்தியில்தான் ஊறப்போட வேண்டும். தண்ணீரில் ஊறவைப்பவர்களும் உண்டு, மணம் வராது. பதினேழு வருஷமாக வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். அதனால் எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும்.

தங்கைக்கு மனச்சோர்வு வந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போனவள் நான்தான். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "இதோட மதுவைச் சேர்க்கவே கூடாதும்மா. தூக்கம் ஆளை அடிச்சுப்போட்டுடும். மனசும் பழையபடி சோர்ந்துபோகும்."

"எங்க வீட்ல கேக்குக்கு மட்டும்தான் குடிப்பழக்கம் டாக்டர்," என்றாள் தங்கை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

மாத்திரை வேலை செய்தது. ஐந்தாம் மாதம் வெளியூர் நூலகமொன்றில் வேலை கிடைத்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். "இனிமே என்னால உனக்குத் தொந்தரவு இல்லக்கா."

அன்று சாயங்காலம் அவளுடைய சத்து டானிக்கில் கொஞ்சம் பிராந்தி கலந்தேன்.

"என்னக்கா, தொண்டை எரியுது?"

"புது டானிக். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிடு."

அசந்து தூங்கினால் காலைப் பேருந்து தவறும், அவ்வளவுதான் என் எண்ணம். தவறியது. பிறகு தினமும் கொடுத்தேன். வேலை வேண்டாமென்று அவளே கடிதம் எழுதினாள். நான் தபாலில் போட்டேன். மறுபடி என் மடியில் தலைவைத்து அழத் தொடங்கினாள். வீடு பழையபடி வீடாக இருந்தது.

டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சோதித்தார். அதில் மது இருந்தது. குடிக்கவே இல்லையென்று தங்கை என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "எனக்கே தெரியாம குடிக்கிறேனாக்கா? நீ வெளிய போறப்ப என்னை ரூம்ல வச்சுப் பூட்டிடு."

பூட்டினேன்.

முந்தாநாள் டானிக்கைக் கொடுத்து, கதவைப் பூட்டிவிட்டு, ஒரு பிறந்தநாள் கேக்கைக் கொண்டுபோனேன். அவள் மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறியிருக்கிறாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து அறைக்கதவை இடித்திருக்கிறார். சாவி என் பையில் இருந்தது. நான் திரும்பியபோது தங்கையின் உடம்பு சில்லிட்டிருந்தது.

கலந்தது நான். பூட்டியதும் நான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டச் சொன்னது அவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.