மாசப் வழி தவறவில்லை

மலையோட்டக்காரர்கள் மேல் நனைந்த ஆட்டின் நாற்றம் அடிக்கும், மற்றபடி நல்லவர்கள். பிரெண்டா, நம் சங்க இதழுக்கு ஐசக் மாசப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அவரோடு அதிகம் ஓடியவன் ஆல்வின் ஃபியரன்தான், அவனே எழுதட்டும் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்களாம். எழுதிவிட்டேன். அச்சிடுவது உங்கள் விருப்பம்.

ஐசக்குக்குக் கல்சுவர் கட்டுவது தொழில். நம் செப்டம்பர் ஓட்டத்தில் அவர் ஓடாத ஆண்டு கிடையாது. மூடுபனியில் யாராவது தொலைந்தால் மீட்புக் குழு முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் பூத்தது போல இருக்கிறது என்றார். ஓரங்கள் மட்டும் தெரிந்தன. வெளியே தெரிந்தால் ஓட விடமாட்டார்கள். மனைவி மார்ஜரிக்குக்கூட அவர் சொல்லவில்லை.

"மார்ஜரிகிட்ட வாயத் தொறந்த, நாக்க அறுத்துருவேன்," என்றார். "மேல மேகத்துக்குள்ள உன் மஞ்சச் சட்டை ஓரக்கண்ணுல ஆடிக்கிட்டிருந்தாப் போதும்டா எனக்கு."

அப்படித்தான் ஓடினோம். மேகத்துக்குள் நான் முன்னால், அவர் பின்னால். மேகத்தை விட்டு வெளியே வந்து கடைசிப் புல்வெளி தொடங்கியதும் அவர் என்னைத் தாண்டிப் போய்விடுவார். எனக்கு அறுபது, அவருக்கு அறுபத்தெட்டு. இறக்கத்தில் அவருக்குக் கண் தேவைப்படவில்லை. மாலையில் மதுக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார்:

"ஆல்வின் மாதிரி ஒரு ஆளு கெடைக்கமாட்டான்யா. வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து, கதவையும் தொறந்து விடுவான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவரை உதறுவது நமக்குள் பழைய விளையாட்டு. வழி தெரிந்தவன் பனிக்குள் சட்டென்று விலகி ஒரு பாறைக்குப் பின்னால் குந்திக்கொள்வான். வருபவர் தாண்டி ஓடிப்போய்க் கொஞ்ச நேரம் திண்டாடுவார். அன்று மாலை அவருக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஐசக்கே என்னை உதறியிருக்கிறார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆனால் அதைப் புல்சரிவில்தான் விளையாடுவோம். இந்த ஆண்டு ஓட்டத்தில் நான் விளையாடியது காக்கைப் பிளவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் மேல்முனையில்.

உச்சிக் கல்குவியலிலிருந்து இடப்பக்கம் இறங்க வேண்டும். நான் வலப்பக்கம் திரும்பினேன். அவர் கால்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"டேய், என்னடா வலப்பக்கம் இழுக்குற?"

"இங்க ஈரம் கம்மி. இப்படியே சுத்தி எறங்கிடலாம்."

"நீ சொன்னாச் சரி."

அந்த மூன்று சொற்களுக்குப் பிறகும் நான் பாறையின் பின்னால் குந்தினேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் தாண்டிப் போனார். "பயலுக்கு இன்னைக்குக் கால்ல தீப்பிடிச்சிருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். கற்கள் உருளும் சத்தம் கேட்டது.

நான் எழுந்து சரியான வழிக்குத் திரும்பினேன். பிறகு ஊதல் கேட்டது. ஆறு முறை, ஓர் இடைவெளி, மறுபடி ஆறு. மலையில் அதற்கு 'உதவி' என்று பொருள். ஊதல் இல்லாமல் யாரும் மலையேறக் கூடாது என்று அன்று காலை ஒவ்வொருவர் பையையும் சோதித்தவன் நான்தான். மேய்ப்பன் நாயைக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மேய்ப்பர்கள் அப்படி ஊதுவதில்லை.

ஓட்டம் முடியும் இடத்துக் கூடாரத்தில் மார்ஜரி சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க என் கெழவன்? உன் வாலப் புடிச்சுக்கிட்டுத்தானே வருவாரு?"

"கல்குவியல்கிட்டயே மேற்கால திரும்பிட்டாரு. முட்டி வலிக்குதுன்னாரு."

"முட்டியா? திரும்புற ஆளா அவரு?"

"என்கிட்ட அப்படித்தான் சொன்னாரு."

மார்ஜரி என் கிண்ணத்தை மறுபடி நிரப்பினார். உண்மையைச் சொன்னால் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பொய் வெளியே வந்துவிட்டது. அதனால் மீட்புக் குழு மேற்குச் சரிவில் தேடியது. நானும் அவர்களோடு அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நடந்தேன். யாருமில்லாத சரிவில் என் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

மறுநாள் ஒரு தேடல் நாய் அவரைக் கண்டுபிடித்தது. தொடை எலும்பு முறிந்திருந்தது. கொன்றது விழுந்ததல்ல, குளிர்தான் என்றார் மருத்துவர். ஊதல் பற்களுக்கிடையே இருந்தது.

சவப்பெட்டியைச் சுமக்க எனக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். வெட்கம் முகத்தில் வருவது என்று நினைத்திருந்தேன். எனக்குக் கையில் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் மார்ஜரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா அவர்கூட நீயாவது இருந்தியே," என்றார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, பதிலுக்குப் பற்றிக்கொள்ளவும் முடியவில்லை. போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். தேநீரும் இஞ்சிக் கேக்கும் கொடுத்தார். இரண்டையும் முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புதிதாகச் சேருபவர்களுக்கான எச்சரிக்கைத் தாளில், 'ஐசக் மாசப்பே வழி தவறினார், நீங்கள் எம்மாத்திரம்' என்று போடப் போகிறீர்களாம். மார்ஜரியும், "வயசாயிடுச்சு, ஒத்துக்கத்தான் வேணும்," என்று தலையாட்டினாராம். அதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள், பிரெண்டா. அவர் வழி தவறவில்லை. தப்பான வழி என்று தெரிந்தும், நான் சொன்னதால் வந்தார். அங்கே கூட்டிப்போனவன் நான். ஊதலைக் கேட்டவன் நான். தேடியவர்களை வேறு சரிவுக்கு அனுப்பியவனும் நான்தான். காவல் நிலையத்துக்கு நாளை நானே போகிறேன். மார்ஜரிக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எனக்கு முதல் இடம் என்று அறிவித்ததை மாற்ற வேண்டாம். அன்று என் கால்கள் நன்றாக இருந்தன. புல்வெளியில் அவர் பின்னால் வந்திருந்தாலும் நான்தான் முந்தியிருப்பேன்.