அப்பா ராஜினாமா செய்த நாள்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டுச் சாங்கி விமான நிலையத்துக்கு வேலைக்குத் திரும்பும் இருவர், ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கப்பா செத்து பதினோரு வருஷம் ஆச்சு. நேத்துதான் ரிசைன் பண்ணாரா?" என்றார் மூத்தவர். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மடியில் லேப்டாப் வைத்திருந்த இளையவர் கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்பவர். "வேலைய விட்டவங்க லிஸ்ட்ல கோவிந்தன்னு இருந்துச்சு அண்ணே. அந்தப் பேர்ல இருந்த லாகின லாக் பண்ணிட்டேன்."

"நான் சேகர் லா. ஃபார்ம்ல குடும்பப் பேரு கேட்டாங்க. நமக்கு ஏது? அப்பா பேர எழுதுனேன். அதையே லாகினாக்கிட்டீங்க."

"அப்ப வேலைய விட்ட கோவிந்தன்?"

"அவரு அவங்கப்பா பேர்ல, ஆறுமுகமா உள்ள போவாரு. போனவருக்குக் கதவு திறந்திருக்கு, இருக்கிறவன் வெளிய நிக்கிறேன். மூணு மணிக்குள்ள சரக்கு லிஸ்ட் அனுப்பலன்னா மீன் பெட்டி எதுவும் ஃப்ளைட் ஏறாது."

இளையவர் அவசரமாகத் தட்டினார். "திறந்துட்டேன், போட்டுப் பாருங்க."

சேகர் தன் போனில் பாஸ்வேர்டைப் போட்டார். "சரின்னு சொல்லிட்டு வெளிய தள்ளுது. நல்ல உபசாரம்."

"ஐயோ, பாஸ்வேர்டுக்கு அப்புறம் உள்ள விடுற ஷெல்லையும் மூடியிருந்தேன். அத மறந்துட்டேன்."

மறுபடி தட்டினார். இந்த முறை உள்ளே விட்டது. லிஸ்ட் போனபோது மணி இரண்டு ஐம்பத்தாறு.

"அப்ப ஆறுமுகத்த லாக் பண்ணிடுறேன் அண்ணே."

"பண்ணு. அதுக்கு முன்னாடி, அந்த ஆறுமுகத்துக்கு எத்தனை பிள்ளைங்க நம்மகிட்ட வேலை பாக்குறாங்கன்னு கேட்டுக்க."