நீர் விடும் வரை

"ஹலோ... ஹலோ, கேக்குதா? ... ஆமா, ஆமா, வீட்டுலேருந்துதான். ... இல்லீங்க, அத்தை இல்லை. நான். ... நான்தான். ... மாமா."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு வால்வுக்காரர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார், அதைச் சொன்னது வேறு யாரோ என்பதுபோல.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் உத்தியோகம் அவருக்கு. கிழக்குத் தெருக்களுக்குக் காலை ஐந்து மணி, மேற்குத் தெருக்களுக்கு மதியம் ஒரு மணி. இருபத்தாறு வருஷமாக ஆள் உயர இரும்புச் சாவியைத் திருகித் திருகி மணிக்கட்டு கல்லாகிவிட்டது. ஆனால் மகன் கட்டிக்கொண்டு வந்த ஜெர்மன்காரப் பெண்ணிடம் ஃபோனில் நாலு வார்த்தை பேச அந்த மணிக்கட்டு என்ன உதவி செய்யும்? இரண்டு வருஷமாக மணி அடித்தால் எடுப்பார்; அவள் குரல் கேட்டதும் "இந்தாங்க, அத்தைகிட்ட பேசுங்க" என்று, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைக் கைமாற்றும் வேகத்தில் மனைவியிடம் கொடுத்துவிடுவார்.

இன்று கொடுக்க வழியில்லை. மனைவி எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், வாய்தான் இல்லை. காலை முறை முடிந்து ஒன்பது மணிக்கு அவர் வீடு திரும்பியபோதே கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு, கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது என்று விரலால் காட்டினாள். அதிலிருந்து பேச்சுக்குப் பதில் கையில் ஒரு கரண்டி.

"அத்தைக்கு ஒண்ணும் இல்லைங்க. பல்லு பிடுங்கினாங்க. ... ஆமா, காலையிலதான். ... வாய் நிறைய பஞ்சு, பேச முடியாது. ... எனக்கும் அதிசயமாத்தான் இருக்கு. வீடு நூலகம் மாதிரி இருக்கு."

கரண்டி மேசையில் ஒரு தட்டுத் தட்டியது.

"சும்மா சொன்னேன்டி. ... உங்களை இல்லைங்க! இங்க ஒரு கரண்டி... விடுங்க. பஸ் கிளம்பிடுச்சா? ... ஒன்றரைக்கு வந்துடுமா? அவன் என்ன பண்றான்? ... தூங்குறானா? தூங்கட்டும், தூங்கட்டும். நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா... அந்த வெள்ளரிக்காய் சாலட் பத்தி லெட்டர் எழுதியிருந்தீங்கள்ல? ... ஆமா, க்ரீம் போட்டு, உங்க ஊர்ல செய்யறது. அதுல அத்தைக்கு ஒரு சந்தேகம். ... அத்தைக்குத்தான். எனக்கென்னங்க சமையல்ல சந்தேகம் வரப்போகுது?"

மனைவி கரண்டியை நீட்டி, அவர் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைச் சுட்டிக்காட்டினாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். எட்டு மாசத்துக்கு முன்னால் மருமகள் இதே சமையலறையில் அந்தச் சாலட்டைச் செய்து வைத்தாள். இவர் ஒரு வாய் தின்றுவிட்டு மனைவி பக்கம் திரும்பி, "இதென்ன வெள்ளரிக்காயா, நனைஞ்ச காகிதமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஃபோனில் நலம் விசாரிக்கிற நாலு வார்த்தைக்கு மேல் தமிழ் புரியாது என்ற தைரியம். அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டே, மாமாவுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று சுத்தமான தமிழில் விசாரித்தாள். ஊருக்கே தண்ணீர் விடுகிறவர் அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை. அப்புறம் எட்டு மாசமாக அவள் இந்தப் பக்கம் வரவில்லை; மகனும் வரவில்லை. இன்று வருகிறார்கள். இந்த முறையும் கோணிக்கொண்டால் அடுத்தது எட்டு வருஷம்தான் என்று மனைவி, பஞ்சு வருவதற்கு முன்னால், நூறு தரம் சொல்லிவிட்டாள். அதனால் மதிய முறையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, அதே சாலட்டைத் தன் கையாலேயே செய்து அவள் முன்னால் வைப்பது என்று முடிவு செய்திருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்வதைவிட வெள்ளரிக்காய் சுலபம் என்று நினைத்தது அவருடைய முதல் தப்பு.

"பாத்திரத்துல தண்ணி ஊறிக்கிட்டே இருக்குங்க. ... இல்லை, யாரும் ஊத்தலை. காயை வெட்டி உப்பு போட்டு வச்சதோட சரி. ... முதல்ல மேல இருக்கிற குழாய்தான் ஒழுகுதுன்னு நெனச்சு வாஷர் மாத்தினேன். ... அத்தை இல்லைங்க, வாஷரையெல்லாம் அத்தை மாத்த மாட்டா. தண்ணியைக் கொட்டிட்டு வந்து பாத்தா, கால் மணி நேரத்துல மறுபடியும் தண்ணி. பாத்திரத்தைத் தூக்கி ஜன்னல் ஓரமா வச்சேன். அங்க குழாயே கிடையாது. அங்கயும் ஊறுது! ... என்ன? ... ஏங்க சிரிக்கிறீங்க?"

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"காயிலேருந்தா? ... உப்பு போட்டா காயே தண்ணி விடுமா? ... ம். ... ம். ... அப்ப 'நீர் விடும் வரை'ன்னா அதுதானா?"

கடிதம் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது. மருமகள் தமிழ் கற்றது பாடப்புத்தகத்தில். கையெழுத்தும் வாக்கியமும் அச்சடித்த மாதிரி. 'வெள்ளரிக்காயை மெல்லியதாகச் சீவி, உப்புத் தூவி, நீர் விடும் வரை காத்திருக்கவும்.'

"அது வந்து... அத்தை என்ன நெனச்சான்னா... தண்ணி விடுறது யாருங்க? ... ஆமா, நான்தான். எங்க தெருவுக்கு எத்தனை மணிக்கு விடணும்? ஒரு மணிக்கு. சரி, ஒரு மணிக்கு வர்ற புதுத்தண்ணியில கழுவணுமாக்கும்னு உக்காந்திருந்தோம். ... இருங்க, இன்னும் இருக்கு. 'நீர்'னா 'நீங்க'ன்னும் அர்த்தம் உண்டே? நீர் எப்ப வந்தீர், நீர் சாப்பிட்டீரான்னு பெரியவங்க பேசுவாங்கள்ல? 'நீர் விடும் வரை'. நீங்க விடுற வரைக்கும்! ஆகா, நம்ம உத்தியோகம் தெரிஞ்சு நமக்கே மரியாதை கொடுத்து எழுதியிருக்குதே இந்தப் பொண்ணுன்னு... ... சிரிங்க, நல்லா சிரிங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்க இறங்கி ஓடிடப் போறாங்க."

மனைவியின் தோள் குலுங்கியது. பஞ்சோடு சிரித்தால் வலிக்காதோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் மறுமுனை வேறொன்று கேட்டது.

"ஆங்? ... அது... 'நமக்கே'ன்னு சொன்னேனா? ... சரி. ... சரிங்க. அத்தை இல்லை. நான்தான் செய்யறேன். ... ஏப்ரன் கட்டியிருக்கேன். போதுமா? ... என்ன? 'நீங்க' வேண்டாமா? பின்ன எப்படிச் சொல்றது? ... 'நீ'யா? ... சரி. நீ... ங்க. கொஞ்சம் பொறு, உடனே வராது. புது வால்வு, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்."

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"கனமா? கனமெல்லாம் ஒரே அளவு. அரை அங்குல வாஷர் கணக்கா வெட்டியிருக்கேன். ... ஏன், ஜாஸ்தியா? ... எவ்வளவு மெல்லிசா? ... செய்தித்தாளா? செய்தித்தாளை எதுக்கு... ஓ. மேல வச்சுப் பாக்கணுமா? எழுத்து படிக்க முடியணுமா? ... உங்கம்மா அப்படித்தான் பாப்பாங்களா? இரு, இரு, பேப்பர் எடுக்கிறேன்."

ஒரு துண்டை நாளிதழின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எழுத்து தெரியலை. ... இல்லை, தலைப்பும் தெரியலை. படமே தெரியலைம்மா. ... இதை வச்சு ஓட்டைக் குழாயை அடைக்கலாம், அவ்வளவுதான். ... இருக்கு, இன்னும் ரெண்டு காய் முழுசா இருக்கு. ... உருளைக்கிழங்குத் தோல் சீவுறதாலயா? அது வச்சே சீவலாமா? ... அப்படியே நீளமா, ரிப்பன் மாதிரி. சரி, சரி."

சீவத் தொடங்கினார். கை நடுங்காமல் மெதுவாக இழுத்தபோது பச்சை விளிம்போடு ஒரு சுருள் வந்தது. அவருக்கே பிடித்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் மறுமுனையிலிருந்து அந்தப் பேச்சு வந்தது. கை நின்றுவிட்டது.

"என்ன சொன்னே? ... ஆமா. ... ஆமா, சொன்னேன். நனைஞ்ச காகிதம்னு. ... அதை உங்கம்மாகிட்ட சொன்னியா? ... பாராட்டுன்னா? ... அவ்வளவு மெல்லிசா இருக்குன்னு மாமா சொன்னார்னு... அவங்க சந்தோஷப்பட்டாங்களா? ... ஊர் பூரா சொன்னாங்களா!"

அப்பாடா என்றிருந்தது வால்வுக்காரருக்கு. எட்டு மாசமாக நெஞ்சில் கிடந்த கல்லை அந்தப் பெண்ணே தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள். 'ஆமாம்மா, பின்னே?' என்று ஒரு வார்த்தை போதும், கதை முடிந்தது. வாயும் திறந்தது.

"ஆமா... ஆமா, ஆமா, அது வந்து..."

மனைவி கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டாள். தட்டியிருந்தால் பரவாயில்லை. சத்தமில்லாமல் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"இல்லம்மா. இரு. அது பாராட்டு இல்லை. ... இல்லை, கேளு. வேணும்னுதான் சொன்னேன். உனக்குப் புரியாதுன்னு நெனச்சு சொன்னேன். புரியும்னு தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன்; அதுதான் அதைவிடக் கேவலம். ... நல்லாத்தான் இருந்துச்சு. புளிப்பும் இனிப்புமா, ஜில்லுனு. எனக்குத்தான் என்னவோ கொழுப்பு. ... ஹலோ? ... ஹலோ, இருக்கியாம்மா?"

பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ குழாயில் காது வைத்து உள்ளே தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறார். இப்படிக் காதை அழுத்தி ஒருபோதும் கேட்டதில்லை.

"... தெரியுமா? ... அன்னைக்கேவா? ... என் மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுதா? ... பின்ன எதுக்கும்மா உங்கம்மாகிட்ட அப்படி... ஓ. ... ம். ... அவங்க கைப்பக்குவமா அது. ... ம். அவங்க மனசு நோகக்கூடாதுன்னு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏப்ரன் நுனியால் துடைத்தார்.

"இல்லையே. யார் அழறா? ... வெங்காயம். வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன்."

வெங்காயம் இன்னும் கூடையில், தோல்கூட உரிக்காமல், நிம்மதியாக இருந்தது.

"சரி, அடுத்து என்ன? அதைச் சொல்லு. ... இதுக்கும் உப்பு போட்டு, கால் மணி நேரம். அதுவா தண்ணி விடும், நான் விட வேண்டாம். புரிஞ்சுது. ... அப்புறம் பிழியணுமா? பிழியறதா! அதைச் சொல்லு முதல்ல, நம்ம வேலையாச்சே. ... மெதுவாவா? ... சரி சரி, வால்வு இல்லை, காய். ... தயிரை நேத்தே துணியில கட்டித் தொங்கவிட்டாச்சு, பாறை மாதிரி இருக்கு. ... அதோட ரெண்டு கரண்டி க்ரீம். ... வினிகர் ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை, வெள்ளை மிளகுத்தூள். ... அந்தக் கீரைதானே? வாங்கிட்டேன். அதை ஏன் கேக்குறே! 'சதகுப்பை'ன்னு எழுதியிருந்தியா, நான் கீரைக்காரம்மாகிட்ட போய், ஏதோ குப்பைன்னு எழுதியிருக்கு, சாப்பாட்டுல குப்பையை ஏன் போடச் சொல்லுதுன்னு தெரியலைன்னு சொல்லிட்டேன். அந்தம்மா தராசைக் கீழ வச்சுட்டு சிரிக்குது. ... நூல் நூலா, ஆமா, அதேதான். வாசனை நல்லாத்தான் இருக்கு."

இன்னொரு சுருள் வந்தது. முந்தியதைவிட மெல்லிசு. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார், விரல் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கவா? ... எட்டு மாசம் ஏன் வரலை? கோவமா? ... கோவம் இல்லையா? பின்ன? ... நான் கூப்பிடுவேன்னா? ... நான் ஃபோன்ல பேசுவேன்னு பாத்துட்டு இருந்தியா? ... எட்டு மாசமாவா? ... அத்தைகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. ... சொன்னியா? ... எப்ப?"

மனைவி திடீரென்று ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

"அத்தையா? அவளால பேச முடியாதேம்மா, பஞ்சு இருக்கே. ... ஒன்பது மணியிலேருந்து. ... ஏன், அரை மணி நேரம் வச்சா போதுமா? மூணு மணி நேரம் ஆச்சே! ... இரு. உனக்கு எப்படித் தெரியும் கடைவாய்ப் பல்லுன்னு? நான் பல்லுன்னுதானே சொன்னேன்? ... நேத்தே சொன்னாளா! எனக்கே இன்னைக்குத்தானே தெரியும்! ... என்ன சிரிப்பு? ரெண்டு பேரும் சேர்ந்து..."

வால்வுக்காரர் மெல்லத் திரும்பினார். மனைவி பஞ்சை வாயிலிருந்து எடுத்து, விரல் நுனியில் பிடித்துக் காட்டினாள். எச்சில் ஈரம் தவிர, ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லாத வெள்ளைப் பஞ்சு. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். பல் முப்பத்திரண்டும் வரிசை குலையாமல் இருந்தன.

"அடிப்பாவி! ... உன்னை இல்லம்மா. ... உன்னையும்தான்!"

சிரித்துக்கொண்டே மனைவி ஃபோனுக்குக் கையை நீட்டினாள். அது இரண்டு வருஷத்துப் பழக்கம். அவள் கை தானாக நீளும், இவர் கை தானாகக் கொடுக்கும். இன்று இவர் தோளைத் திருப்பிக்கொண்டார்.

"இரு, நான் பேசிட்டிருக்கேன்ல? ... நீ சொல்லும்மா. பிழிஞ்சதும் உடனே கலக்கணுமா, நீ வந்தப்புறமா? ... ஹலோ? ... ஹலோ?"

பஸ் எந்தச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததோ, லைன் அறுந்துவிட்டது. காதில் ஒரு சத்தமும் இல்லை. மனைவியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"ஆமா... ஆமா, ஆமா," என்றார் வால்வுக்காரர், செத்துப்போன ஃபோனுக்குள். "அப்படியா? ... சரிம்மா. ... சேச்சே, நீ வந்தப்புறமே கலக்கலாம், அவசரம் ஒண்ணும் இல்லை."

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அது அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. ஃபோனை இடுக்கிய தோளோடே குனிந்து, கையிலிருந்த சுருளைச் சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த கடிதத்தின் தலையில் ஒட்டினார். ஈரத்தில் அது அங்கேயே பிடித்துக்கொண்டது. நேற்றிலிருந்து உப்பிலும் நீரிலும் மட்டும் ஓடிய கண், கடிதம் யாருக்கு என்று எழுதியிருந்த முதல் வரிக்கு அப்போதுதான் போனது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பச்சை விளிம்புக்கு நடுவே தெரிந்த 'மாமாவுக்கு' என்ற வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தெரியுதும்மா," என்றார். "எழுத்து நல்லாத் தெரியுது."