சிவப்புத் துணி கட்டிய கயிறு

எனக்குச் சத்தமாகக் கதைக்க வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. என் குரல் காதில் விழாதவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கொழும்பில் விஞ்ஞானப் பட்டம் எடுத்தபோது வாய்மொழிச் சோதனையில் மட்டும்தான் எனக்குப் புள்ளி குறைந்தது. பிறகு இரண்டு பள்ளிக்கூடங்களில் வேலை கேட்டேன். பிள்ளைகளை அடக்க இந்தக் குரல் போதாது என்றார்கள்.

நாவற்குடாவில் வாவிக்கரையில் இருந்த வினாகிரிச் சாலை மட்டும் என்னை எடுத்தது. யுத்தத்தால், ஊறுகாய்க்கு ஊற்றும் வெளியூர் வினாகிரி வருவது நின்றுபோயிருந்தது. தென்னங்கள்ளைப் புளிக்கவைக்க முதலாளி தங்கராசாவிடம் ஆட்கள் இருந்தார்கள். அளந்து எழுதத்தான் ஆள் இல்லை.

தொட்டிகளுக்குப் பொறுப்பு இளையதம்பி அண்ணன். நான் வந்த முதல் நாளே அவர் சிரித்தார். "புள்ள, வாவி மீன் பாடுறது கூட உன்ட குரலவிடச் சத்தமாக் கேக்கும்." மற்றவர்கள் சிரித்தபோது எனக்கு அழுகை வரும். அவர் சிரித்தபோது வரவில்லை.

தொட்டிகள் நிலத்துக்குள் ஒன்பது அடி ஆழம். கள் புளிக்கும்போது கரியமில வாயு வரும். அதற்கு நிறமில்லை. காற்றைவிடப் பாரம், ஆகவே அடியில் தங்கும். கள்ளை இறைத்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். மண்டி வழிக்க ஒருவர் ஏணியில் இறங்க வேண்டும். நான் வருவதற்கு முன் சாமி கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். ஒரு அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். கயிற்றில் லாம்பிலிருந்து ஒன்பதாவது அடியில் ஒரு சிவப்புத் துணி கட்டினேன். துணி தொட்டி விளிம்புக்கு வந்தால் லாம்பு அடியில் நிற்கிறது என்று அர்த்தம். அங்கேயும் எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் காத்திருக்க வேண்டும்.

முதல் மாதமே லாம்பு ஒருநாள் அணைந்தது. அன்றிலிருந்து இளையதம்பி அண்ணன், "இந்தப் புள்ளதான் எனக்கு உயிர் தந்தது" என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருடைய மனைவி சின்னத்தங்கம் எனக்கு மீன் பொரித்து அனுப்புவார்.

இந்தியாவில் நொதித்தலும் வடித்தலும் படிப்பிக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது. உணவுத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களைத் தயார்செய்கிறார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். ஆறு மாத வேலைப் பதிவும் முதலாளியின் கையொப்பமும் வேண்டும். எனக்கு ஆவணியில் இருபத்தாறு. அந்த வகுப்பு கிடைக்காவிட்டால் வவுணதீவில் அப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. நல்ல மனிதர், வயல் இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு சோதனைக்குழாயும் இருக்காது. நுணுக்குக்காட்டியில் ஒரு நொதிக்கிருமி இரண்டாகப் பிரிவதை நீங்கள் பார்த்திருந்தால் இந்த இடத்தில் என்னிடம் எதுவும் கேட்கமாட்டீர்கள்.

கள்ளைப் புளிக்கவைக்க நான் வளர்த்த நொதிக்கிருமி நான்காம் மாதம் கெட்டுவிட்டது. வினாகிரியின் புளிப்பு நூற்றுக்கு ஐந்து இருக்க வேண்டும்; மூன்றரைக்கு மேல் ஏறவில்லை. பதிவில் ஐந்து என்று எழுதினேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. எப்படியும் ஐந்து வரத்தான் போகிறது. கொஞ்சம் முந்தி எழுதினேன்.

ஆறாம் மாதம் முடியும்போது, எங்கள் வினாகிரியில் ஊறுகாய் போடும் காத்தான்குடி பதியுதீன் காக்கா இரண்டு ஊறுகாய்ப் போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தார். "இதென்ன வினாகிரி? தேசிக்காய்க்கு மேல பூஞ்சணம் பூத்துக் கிடக்கு" என்றார்.

அவர் போன பிறகு இளையதம்பி அண்ணன் தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். என் மேசையில் பதிவு விரித்துக் கிடந்தது.

"என்னகா புள்ள, புத்தகம் ஒண்டு சொல்லுது, நாக்கு ஒண்டு சொல்லுது?"

நான் அழுதுகொண்டே பதிவை மூடினேன்.

"அழாத. சனிக்கிழமை முதலாளி ஒப்பம் போட வருவார். நானே சொல்லுறன். உனக்குத்தான் கதைக்க வராதே. இன்னும் ஆறு மாசம் தாங்க, புள்ள திருத்திப்போடும் எண்டு கேக்கிறன். மறுகா நீ இந்தியாவுக்குப் போ."

"அண்ணன், சொல்ல வேணாம்" என்றேன்.

"என்ன?" என்று கேட்டார். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறு மாதம் என்றால் ஆவணி போய்விடும். அவர் அதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இது நடந்திருக்காது. அவரும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை, இறைத்த தொட்டியில் அவர் மண்டி வழிக்கும் நாள். காலையில் எல்லாருக்கும் முந்திப் போய் லாம்பை இறக்கினேன். நான்காவது அடியில் அணைந்தது. அப்படியென்றால் அடியிலிருந்து ஐந்தடிக்கு வாயு. அவர் ஐந்தடி இரண்டு அங்குலம். மண்டி வழிக்கக் குனிந்துதான் ஆக வேண்டும். சிவப்புத் துணியை அவிழ்த்து மூன்றாவது அடியில் கட்டினேன். முடிச்சு இறுகவில்லை. பல்லால் இழுத்தேன். அதில் என் பல் அடையாளம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும்.

எட்டு மணிக்கு வந்தார். வழக்கம்போல நான்தான் லாம்பை இறக்கினேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே துணி விளிம்புக்கு வந்ததைப் பார்த்தார்.

"எரியுதா புள்ள?"

"எரியுது, அண்ணன்."

"அட, இண்டைக்குத்தான் உன்ட குரல் கேக்குது" என்று சிரித்துக்கொண்டே ஏணியில் கால் வைத்தார். அவருக்கு வழிவிட லாம்பை மேலே எடுத்தபோதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

அவர் விழுந்த சத்தம் கேட்டு, கூட வேலை செய்யும் சாமித்தம்பி ஓடிவந்து இறங்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். லாம்பை அடிவரை இறக்கி அது அணைவதைக் காட்டினேன். ஒரு உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன். தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை முதலாளி செத்தவீட்டிலிருந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவை வாசிக்காமலே கையொப்பம் போட்டார். போன கிழமை இந்தியாவிலிருந்து கடிதம் வந்தது. ஆடியில் வகுப்பு. இந்த விசாரணை அதற்குள் முடியுமா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் விழுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாரா என்று கேட்டீர்கள். கூப்பிட்டார். "புள்ள" என்று ஒரு தடவை. அப்போது அவர் ஏணியின் கடைசிப் படியில்தான் நின்றார். மேலே ஏறச் சொன்னால் ஏறியிருப்பார். நானும் ஏறச் சொன்னேன், ஐயா. அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குச் சத்தமாகக் கதைக்க வராது.