ஒன்பதாவது ஆபீஸ் காப்பி

போதகர் ஐயா,

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர்தான். பட்டனை அமுக்கினால் திரை இருண்டுவிடும். உள்ளே விசிறி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு குறைதான். என் மகள் ரெஜிலாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. எனக்குப் பழகிவிட்டது. மின்சார ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எங்கேயாவது கரண்ட் ஓடினால்தான் எனக்கு நிம்மதி.

கோயிலில் மூன்று அறிவிப்பு ஓலைகளில் இரண்டை வாசித்த பிறகு அவள் கல்யாணம் ஏன் நின்றது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதைத்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தொடங்காமல் அதை எழுத முடியாது.

என் மனைவி லீலாபாய் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நானும் ரெஜிலாவும்தான். அவளுக்கு முப்பத்துமூன்று வயது. வடசேரியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. எட்டேகால் பஸ்ஸுக்கு ஓடுவதற்குள் எனக்குக் காலை இட்லி, மத்தியானத்துக்கு மீன் புளிமுளம், பிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் எல்லாம் தயார். புளிமுளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன கிறிஸ்மஸுக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

கல்யாணத் தகவல் மையத்தில் அவள் பதிவு செய்தபோது நான் தடுக்கவில்லை. போட்டோகூட நான்தான் தேர்ந்தெடுத்தேன். பதில்கள் அவளுடைய மெயிலுக்கு வரும். கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தால் மெயில் பாஸ்வேர்டு கேட்கும். வளர்ந்த மகளிடம் பாஸ்வேர்டு கேட்பது மரியாதையில்லை. ஆகவே செட்டிங்சில் ஒரே ஒரு வரியை மாற்றினேன்: பட்டனை அமுக்கினால் மெஷின் அணைய வேண்டாம், திரை மட்டும் அணையட்டும். அவள் பட்டனை அமுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் சாயா குடித்து முடித்து, ஒரு எழுத்தைத் தட்டுவேன். எல்லாம் அவள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கும்.

பிறகு பதில் எழுதுவேன், அவள் பெயரில். இதில் விநோதம் ஒன்றுமில்லை. ஆபீசில் என் வேலையே அதுதான். கடிதம் என்னுடையது, பெயர் அதிகாரியுடையது. ஒரு அதிகாரியாவது வருத்தப்பட்டதில்லை. பெங்களூர் பேங்க்காரருக்கு, உங்கள் உயரம் எனக்குப் போதாது என்று எழுதினேன். மஸ்கட் இன்ஜினியருக்கு, வேறொருவர் என் மனதில் இருக்கிறார் என்று எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதுவேன், தமிழில் எழுதினால் என் நடை தெரிந்துவிடும். அனுப்பியதும் மெயிலில் அழித்துவிடுவேன். ஆறு வருடத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேருமே நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒன்பதாவது ஆன்ஸ்லின். அவன் மெயில் எழுதவில்லை, நேரே வீட்டுக்கே வந்துவிட்டான். நீங்கள் முதல் ஓலை வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்றீர்கள். நான் இரண்டாம் வரிசையில்தான் இருந்தேன். கோயிலில் எழுந்து நின்று சத்தம் போடுவது என் வழக்கமில்லை. இரண்டாம் ஓலை முடிந்த திங்கட்கிழமை ரெஜிலா பெயரில் அவனுக்கு எழுதினேன்: எனக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு வரும், அப்பா மறைத்துவிட்டார், போனில் கேட்டு என்னைக் குன்ற வைக்க வேண்டாம். பழியை என்மேலேயே போட்டுக்கொண்டதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆன்ஸ்லின் நல்ல பையன். போனில் கேட்கவில்லை. புதன்கிழமை அவன் வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று ஆளனுப்பிச் சொன்னார்கள். ரெஜிலா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் சமைத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் மீன் வாங்கப் போனாள். அந்த நேரத்தில் ஒன்பதாவது கடிதத்தின் ஆபீஸ் காப்பியைத் திறந்தேன். எந்தக் கடிதத்துக்கும் காப்பி இல்லாமல் எனக்குக் கை ஓடாது. நம்பர் போட்டு ஃபைலில் வைத்துவிடுவேன். இதில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டேன். சேமிப்பதற்குள் வாசலில் பேச்சுச் சத்தம். கடிதத்தைக் கீழே ஒதுக்கிவிட்டு, பட்டனை அமுக்கினேன்.

ரெஜிலா வழியில் பார்த்த மெக்கானிக் வினோஜையும் கூட்டி வந்திருந்தாள்.

"எக்கா, இது இன்னா உறங்காம கிடந்து உறுமுது?" என்று குனிந்தான் வினோஜ்.

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன் மக்கா. மனுசனுக்குத் தலவலி."

பிரிண்டர் வயரைப் பிடுங்கினான், மவுசைப் பிடுங்கினான், பக்கத்து மூடியைக் கழற்றி ஊதினான். தூசிதான் காரணமாக இருக்கும் என்று நானும் எடுத்துக்கொடுத்தேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, அவன் செட்டிங்சுக்குள் போய்ச் சிரித்தான்.

"மெசினுக்கு ஒரு சூக்கேடும் இல்ல சாரே. பட்டன் அமுக்குனா திரை மட்டும் அணையணும்னு ஆரோ மாத்தி வச்சிருக்காவ. இது தானா மாறாது."

"அப்பா, நீங்க தொட்டியளா?"

"எனக்கு இதெல்லாம் எங்க மக்களே தெரியும்?" என்றேன்.

வினோஜ் அதைச் சரிசெய்து, இந்தத் தடவை முறைப்படி அணைத்தான். மெஷினும் முறைப்படி நடந்துகொண்டது. ஒரு கடிதம் சேமிக்காமல் திறந்திருக்கிறது, சேமிக்கவா என்று கேட்டது.

"எக்கா, உங்க லெட்டர் ஒண்ணு கிடக்கு. வேணுமா?"

மீன் பையைக் கீழே வைக்காமலே ரெஜிலா படித்தாள். பையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. பிறகு அது இருந்த ஃபைலைத் திறந்தாள். ஒன்று முதல் ஒன்பது வரை, தேதிவாரியாக.

"காப்பி வேற எடுத்து வச்சிருக்கியளா அப்பா?"

வினோஜ் தன் ஸ்குரூடிரைவரைக்கூட எடுக்காமல் போய்விட்டான். ஒன்பது கடிதங்களையும் அச்செடுத்துக்கொண்டு, சிதறாலில் இருக்கும் சித்தி டெல்சி வீட்டுக்கு அவள் போனாள். போகுமுன் கம்ப்யூட்டரை அணைத்தாள். முழுசாக அணைந்தது. மீன் பையில் அப்படியே கிடந்தது.

ஆன்ஸ்லின் சிதறாலுக்குப் போய்வந்ததாகவும், வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கப்போவதாகவும் சொன்னீர்கள். என் பக்கம் ஆட்சேபம் உண்டா என்றும் கேட்டீர்கள். இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. ஒன்பது கடிதங்களையும் எழுதியது நான்தான். அவளுக்கு அவசரப்பட்டு ஒன்றும் அமைந்துவிடக்கூடாதே என்றுதான்.

ஒரே ஒரு உதவி. ரெஜிலாவைப் பார்த்தால் சொல்லுங்கள்: நேற்றிலிருந்து கம்ப்யூட்டர் மறுபடியும் அணைய மாட்டேன் என்கிறது, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். நான் எதையும் தொடவில்லை.

இப்படிக்கு,
யேசுரத்தினம்

(காப்பி: ஃபைலுக்கு)