கௌதம்ராஜின் கட்டைவிரல்

இந்த ஸ்டேஷன் ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள் சார். சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்கிறது, அதுவும் சீராக இல்லை. தாளம் வாசிக்கிறவனை இதன் கீழே உட்காரவைப்பதே பாதித் தண்டனை. பரவாயில்லை, எழுதுங்கள். பெயர் லிங்கேஸ்வரன், ஊர் ராஜபாளையம். மாரீஸ்வரன் அண்ணன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேடு, அதாவது குச்சியால் தட்டுகிற மின்சாரத் தாளப் பெட்டி, வாசிக்கிறேன். கல்யாணம், கோயில் கொடை, காதுகுத்து, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம்.

கௌதம்ராஜ் எங்கள் பேஸ் கிடார். என் கூட்டாளி. தங்கமான ஆள், அவனைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை என் வாயில் வராது. போன வருஷம் அவனுக்கு ஸ்லாப் பைத்தியம் பிடித்தது. கம்பியை மீட்டாமல் கட்டைவிரல் எலும்பால் அடிப்பது, ஆள்காட்டி விரலால் கொக்கி போட்டுச் சுண்டுவது. போனைப் பார்த்தே படித்தான். முதல் தடவை ஒரு கல்யாண வீட்டில் வாசித்தபோது பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். நானும் கை தட்டினேன்.

சிக்கல் என்னவென்றால், ஸ்லாப்பில் பாட்டோடு தாளமும் சேர்ந்தே கேட்கும். அன்றைக்கு வேனில் சாமான் ஏற்றும்போது அண்ணன் சொன்னார்.

"ஏலே லிங்கு, இவன் ஒருத்தனே உன் வேலையையும் சேத்துப் பாக்கானே. சின்னப் புரோகிராமுக்கு இனி பேடு எதுக்குலே?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததுக்கும் இல்லை. அவர்கள் வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஹாரன் அடித்துக் கை காட்டிவிட்டுப் போவார்கள். வயிறு எரிந்தது சார், மறைப்பானேன்.

கௌதமுக்கு ஓர் ஆசை. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கச்சேரி. அதில் நிமிடத்துக்கு நூற்றிருபது தட்டு வேகத்தில் தனியாக ஸ்லாப் வாசிக்க வேண்டும். பழகுவதற்கு க்ளிக் வேண்டும், அதாவது டிக் டிக்கென்று தாளம் மட்டும் ஓடுகிற பதிவு. போனிலேயே அதற்கு ஆப் இருக்கிறது. ஆனால் எங்கள் குழுவில் யார் பழகினாலும் என் பேடிலிருந்து போகிற க்ளிக்கோடுதான் பழக வேண்டும். அது அண்ணன் போட்ட சட்டம். ஒரே அடுப்பில் சமைத்த மாதிரி இருக்க வேண்டுமாம்.

பதிந்து அனுப்பினேன். பெயர் நூற்றிருபது. உள்ளே ஓடியது நூற்றுநாற்பது.

"மாப்ள, எம்புட்டு முக்கினாலும் கை பின்னாலயே நிக்குலே" என்று வந்து நின்றான். வேகம் ஏற்ற ஒரு வழிதான் உண்டு. மெதுவாகத் தொடங்கி, பூட்டில் சாவி திருப்புகிற மாதிரி மணிக்கட்டை மட்டும் திருப்பி, சுத்தமாக வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். எனக்கு அது தெரியும். "அடி பத்தல மாப்ள, தோள்லருந்து இறக்கு" என்றேன். சொன்னபடி கேட்கிறவன், இறக்கினான். விரலில் கொப்புளம் வந்து உடைந்தது. கடையில் விற்கிற ஒட்டுப் பசையை நானே வாங்கிவந்து புண்ணை மூடிவிட்டேன். பெரிய வாத்தியக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் என்று சொன்னேன்.

அவனுக்குச் சர்க்கரை உண்டு. இந்த வயதிலேயே மாத்திரை. சர்க்கரைக்காரன் புண்ணை மூடி வைத்தால் உள்ளே என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். சர்க்கரைப் புண்ணால் எங்கள் அப்பாவின் காலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான். தினமும் கட்டுப் பிரித்ததும் நான்தான். அதனால் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

அவன் பெண்டாட்டி சிவரஞ்சனி போன் போட்டது. "அண்ணே, அவிய கை புசுபுசுன்னு வீங்கிக் கெடக்கு. நீங்க சொன்னாத்தான் கேப்பாக. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

"சொல்லுதேம்மா" என்றேன். நேரில் போய், "டாக்டர்ட்ட போனா கட்டுப் போட்டு உக்கார வச்சிருவாரு மாப்ள. கச்சேரி முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். போகும்போது கால் கிலோ பால்கோவா வாங்கிப் போயிருந்தேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எனக்குப் பழக்கமில்லை.

ஆடிப்பூரத்தன்று அவன் குளிர்காய்ச்சலில் விழுந்துவிட்டான். என்னைக் கூப்பிட்டார்கள். பேடு அன்றைக்கு அருமையாக எடுபட்டது. மறுநாள் கௌதமின் வலது கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையே போயிருக்குமாம்.

ஆஸ்பத்திரியில் அவன் மாரீஸ்வரன் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காய்ச்சலுக்கு முந்தின நாள் வாசித்ததைப் போனில் பதிந்து வைத்திருந்தான். "அதுல க்ளிக்கு கூடவே வந்துட்ட மாதிரி இருந்துச்சுண்ணே. நூத்திருபதத் தொட்டனான்னு செத்த பாருங்களேன்."

அண்ணன் தன் போன் ஆப்பைத் தட்டி ஒத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "ஏய், இது நூத்தி நாப்பதுலே" என்றார்.

கௌதம் முகம் முழுக்கச் சிரித்தான். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்லே?" என்றான். சிவரஞ்சனி நேராக உங்களிடம் வந்தது.

ஆமாம் சார். க்ளிக்கை மாற்றியது, தோளிலிருந்து அடிக்கச் சொன்னது, பசை போட்டது, டாக்டரிடம் போகவிடாமல் தடுத்தது, எல்லாம் நான்தான். தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இந்த வட்டாரத்தில் நூற்றுநாற்பதில் ஸ்லாப் வாசித்தவன் அவன் ஒருவன்தான். நான் உண்மையான க்ளிக்கைக் கொடுத்திருந்தால் நூற்றிருபதோடு நின்றிருப்பான். அதையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள் சார்.