செய்தியக்காவின் குரல்

பழைய வானொலிப் பெட்டிக்குள் தூசி தட்டுவதற்குப் பெயின்ட் அடிக்கிற பிரஷ்தான் நல்லது. துணி வேண்டாம். நூல் பிரிந்து வால்வுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் எடுத்துவந்த பெட்டிகளை யாராவது துடைக்கப்போனால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நான் பூகோள வாத்தியாராக இருந்தவன். வானொலிச் சாமான்கள் சேர்ப்பது இளவயதிலேயே தொற்றிக்கொண்ட பழக்கம். பெட்டிகள், மைக்குகள், நிகழ்ச்சி நிரல் அச்சடித்த அட்டைகள், அறிவிப்பாளர்கள் தண்ணீர் குடித்த கண்ணாடித் தம்ளர் வரைக்கும் வைத்திருந்தேன். “இந்த வீட்ல ரேடியோவுக்குத்தான் போர்வை, எனக்கு இல்ல” என்று என் மனைவி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். வீடு கொள்ளாமல் போனபோது, பூட்டிக் கிடந்த பழைய வானொலி நிலையத்தின் சாவியை நகராட்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். ஒட்டடை அடித்து, கண்ணாடி அலமாரிகள் வைத்து, அதை ஒரு காட்சியகமாக மாற்றினேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு அவர்களும் வராமல் போனார்கள்.

சென்ற வருடம் நகராட்சி அந்தக் கட்டடத்தை இடித்து வாகன நிறுத்தம் கட்டப் போவதாகச் சொன்னது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் ஒரே ஒரு பிடி இருந்தது. பழைய சாமான் கடையில் கிடைத்த ஓர் இசைத்தட்டு. அதில் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, நிலையத்தின் பெயரைச் சொல்லி, ஒலிபரப்பு தொடங்குவதாக அறிவிக்கிறது. உறையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது முதல் நாள் ஒலிபரப்பு என்று நான் முடிவு செய்தேன். பேப்பர்க்காரர்கள் அதை அப்படியே போட்டார்கள். கட்டடத்தை விடலாமா என்று பார்க்க ஒரு குழுவை அனுப்புவதாக நகராட்சியும் இறங்கி வந்தது.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் செய்தியக்கா வந்தார்.

முதல் நாள் மைக் முன்னால் உட்கார்ந்த பெண் அவர். அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் மிச்சமிருந்த ஒரே ஆளும் அவர்தான். ஊரே அவரைச் செய்தியக்கா என்றுதான் கூப்பிடும். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். மூச்சு இரைத்தது. நான் தட்டைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர், பாதியிலேயே சிரித்துவிட்டார்.

“இது நான் இல்ல தம்பி.”

“நல்லாக் கேளுங்கக்கா. பழைய தட்டு, கொஞ்சம் மாறித்தான் கேட்கும்.”

“என் குரல் எனக்குத் தெரியாதா? அன்னிக்குப் பதிவு பண்ற மெஷினே நம்மகிட்ட இல்ல. பேசினது காத்தோட போச்சு. இது ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு நாடகத்துக்காக எடுத்தது. என்னை மாதிரிப் பேசணும்னு ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். பாவம், வணக்கத்தையே அத்தனை தடவை சொல்லவெச்சேன்.”

குழு வரப்போவதைச் சொன்னேன். அவர்கள் இந்தத் தட்டை நம்பித்தான் வருகிறார்கள் என்றும் சொன்னேன்.

“அதுக்கென்ன? நான் உசுரோட இருக்கேன்ல, நானே வந்து உட்கார்றேன். அன்னிக்கு என்ன பேசினேன்னு அப்படியே சொல்றேன். பொய்யான தட்டு எதுக்கு?”

நல்ல மனதோடு சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். கரகரத்த குரலில், பேச்சுக்குப் பேச்சு இருமுகிற ஒரு வயதான பெண்மணிக்காக யார் ஒரு கட்டடத்தை விட்டுவைப்பார்கள்? அவர் இன்னும் எத்தனை நாள் இருப்பார்? தட்டு இருக்கும். சரியாக வைத்துக்கொண்டால் நம் எல்லாருக்கும் பிறகும் இருக்கும். காட்சியகம் என்பது இருக்கப்போகிற பொருட்களுக்கான இடம்.

குழு வருவதற்கு முந்தைய வாரம் அவருக்கு போன் செய்தேன். பழைய ஒலிப்பதிவு அறையிலேயே அவர் பேச்சைப் பதிவு செய்யலாம் என்றேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அந்த அறையைத் திறந்தே ரொம்ப காலம் ஆகியிருந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சுத் திண்டு. அவர் வருகிற அன்று காலை, ஒரு பிரம்பால் அத்தனை திண்டுகளையும் தட்டி வைத்தேன். தூசி அறை முழுக்க நின்றது. சுத்தம் செய்வதாகத்தான் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மகள் கொண்டுவந்து விட்டாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை இருந்தது. கிளம்பும்போது ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தாள்.

“மாமா, அம்மாவோட பம்ப் இதுல இருக்கு. தூசி பட்டா இழுப்பு வந்துரும். கைக்கு எட்டுற மாதிரி வெச்சிருங்க.”

“நீ நிம்மதியாப் போயிட்டு வாம்மா” என்றேன்.

பை மேசையில் இருந்தால் உரசுகிற சத்தம் பதிவில் விழும் என்று செய்தியக்காவிடம் சொன்னேன். அவர் தொழில் தெரிந்தவர், உடனே தலையாட்டினார். பையை வெளியே எடுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன். வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன். பிறகு அறையைப் பிரிக்கிற கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையைக் காட்டினேன்.

நன்றாகப் பேசினார். முதல் நாள் வாசிக்க வேண்டிய செய்திக் குறிப்பு வந்து சேரவில்லையாம். ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, பேசியே ஆக வேண்டும். ஜன்னல் வழியே தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தாராம். வானம் மூடியிருக்கிறது, ஒரு பெண் துணி எடுக்க ஓடுகிறாள், ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு நம் சுவரோரம் ஒதுங்குகிறான். “அதான் தம்பி இந்த ஊர்ல வந்த முதல் செய்தி” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று.

“தம்பி, அந்தப் பைய குடுங்க.”

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அவர் எழுந்து கதவுக்குப் போனார். பிறகு கண்ணாடிக்கு வந்து இரண்டு உள்ளங்கைகளையும் அதில் வைத்தார். அவர் கண்கள் என் மடியிலிருந்த பையின் மேல் இருந்தன. நான் பதிவுக் கருவியில் சத்தத்துக்கு ஆடுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அது அசையாமல் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டுக் கதவைத் திறந்தேன். பம்பை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தேன்.

மகள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். “நீங்களாவது கூட இருந்தீங்களே மாமா” என்றாள். டாக்டர் வயதைச் சொன்னார், இழுப்பைச் சொன்னார். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன்.

குழு வந்தது. தட்டைப் போட்டேன். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். இடிப்பதற்கான உத்தரவு அதே மாதத்தில் வந்தது. எப்போதோ முடிவான விஷயமாம். பேப்பரில் வந்துவிட்டதே என்று ஒரு மரியாதைக்காகத்தான் வந்தார்களாம். தட்டை நூலகத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள். நூலகத்தில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.

அன்று பதிவான ஒலிநாடாவை என் மனைவிதான் கண்டெடுத்தாள். வீட்டுக்கு வந்த பெட்டிகளை ஒழுங்குபடுத்தும்போது போட்டுக் கேட்டிருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது கருவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“இதுல அந்தம்மா கதவத் தட்டுறாங்க. நீங்க எங்க இருந்தீங்க?”

“வெளியில” என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஏன் அதை அழிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அழித்திருக்கலாம். ஒரு பொத்தானை அமுக்குகிற வேலைதான். ஆனால் முதல் நாள் ஒலிபரப்பைப் பற்றி அங்கே இருந்தவர் சொன்ன சாட்சியம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை அழிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஒரு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். ஒலி அளவை நான் அவருடைய மெல்லிய பேச்சுக்குத் தகுந்தபடி வைத்திருந்தேன். அந்த உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் கணக்குப் போடவில்லை. அதனால் கடைசிப் பகுதி உடைந்து, கரகரவென்று கேட்கும். அது என் தவறுதான். ஒப்புக்கொள்கிறேன்.